பள்ளி லேப் மைக்ரோஸ்கோப்: ஐந்தில் 40எக்ஸ் மங்கல், இரண்டில் பூஞ்சை. எதில் துடைப்பது, எங்கே வைப்பது?

பாட்டனி_லேப் (கேள்வி)

வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலோரம் இருக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியின் உயிரியல் லேப். மொத்தம் 9 மைக்ரோஸ்கோப். 7 பழைய ஸ்டூடன்ட் மாடல், கீழே ஒளியைத் திருப்பும் முகக்கண்ணாடி வைத்தது. மீதி 2 எல்.இ.டி. விளக்குள்ள பைனாகுலர். பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு முன்னால் இவற்றை ஒழுங்குபண்ண வேண்டும்.

10எக்ஸில் (10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்) பளிச்சென்று தெரிகிறது, 40எக்ஸுக்குத் திருப்பினால் பனிமூட்டம். ஏழில் ஐந்து இப்படித்தான். ஒரு பைனாகுலரின் 100எக்ஸிலும் இன்னொன்றின் ஐபீஸிலும் (கண் வைக்கும் லென்ஸ்) சிலந்தி நூல் போலக் கிளைவிட்ட கோடுகள். பூஞ்சை என்று நினைக்கிறேன். பழைய மாடல் இரண்டில் ஃபோகஸ் வைத்துவிட்டுக் கையை எடுத்தால் டியூப் தானாகக் கீழே இறங்குகிறது.

லேபில் சைலீன், சர்ஜிக்கல் ஸ்பிரிட், அசிட்டோன் மூன்றும் உண்டு. எதில் துடைக்கலாம்? எல்லாவற்றையும் மரப்பெட்டியில் போட்டு, உள்ளே நாப்தலீன் உருண்டை வைத்து, மர அலமாரியில் பூட்டி வைப்பதுதான் இங்கே வழக்கம். அது சரிதானா? சர்வீஸுக்கு அனுப்ப இப்போதைக்கு நிதி இல்லை. நாமே செய்யக்கூடியது எது, தொடவே கூடாதது எது என்று சொன்னால் போதும்.

---

லென்ஸ்_மெக்கானிக்

முதல் வேலையாக அந்த மூன்று பாட்டிலையும் தள்ளி வையுங்கள் சார். அழுக்கு எங்கே இருக்கிறது, என்ன அழுக்கு என்று தெரியாமல் துடைக்கப் போனால் நல்ல லென்ஸில்தான் கீறல் விழும்.

இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு ஸ்லைடை ஃபோகஸ் செய்துகொண்டு, பார்த்தபடியே ஐபீஸை மட்டும் மெல்லச் சுற்றுங்கள். புள்ளியோ கோடோ கூடவே சுற்றினால் அது ஐபீஸில். ஸ்லைடை நகர்த்தும்போது நகர்ந்தால் ஸ்லைடில். கண்டென்சரை (ஸ்டேஜுக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) ஏற்றி இறக்கும்போது கூர்மையாகித் தெரிந்து மறைந்தால் கண்டென்சரின் மேல் லென்ஸிலோ விளக்கின் மேலுள்ள கண்ணாடியிலோ. இவை எதுவும் இல்லாமல், புள்ளியாகவும் தெரியாமல், படம் முழுக்க வெளுத்துப் போய்க் கூர்மை இல்லாமல் இருந்தால் ஆப்ஜெக்டிவ், அதாவது ஸ்லைடுக்கு நேர் மேலே நிற்கும் 10எக்ஸ், 40எக்ஸ் லென்ஸ். ஆப்ஜெக்டிவில் உள்ள அழுக்கு அழுக்காகத் தெரியாது, மங்கலாகத்தான் தெரியும். நீங்கள் சொல்லும் பனிமூட்டம் அதுதான்.

இப்போது என்ன அழுக்கு? பள்ளி லேபில் 40எக்ஸ் மங்குகிறதென்றால் பத்துக்கு ஒன்பது கிளிசரின்தான். வெங்காயத் தோலைக் கிளிசரினில் மவுன்ட் செய்கிறார்கள், கவர் ஸ்லிப் ஓரத்தில் அதிகப்படி வழிகிறது, ஃபில்டர் தாளால் ஒற்றாமல் அப்படியே ஸ்டேஜில் வைக்கிறார்கள். 40எக்ஸுக்கும் கவர் ஸ்லிப்புக்கும் நடுவில் இருப்பது சுமார் அரை மில்லிமீட்டர் இடைவெளி. 10எக்ஸுக்கு 7 மில்லிமீட்டர் அளவு இருப்பதால் அது தப்பிக்கிறது. கிளிசரினோடு கொஞ்சம் சாஃப்ரனின் சாயம், கொஞ்சம் அயோடின் சேர்ந்து காய்ந்தால் நீங்கள் சொன்ன மூட்டம்.

கிளிசரின் சைலீனில் கரையாது, ஈதரிலும் கரையாது. தண்ணீரில் நன்றாகக் கரையும். சைலீன் போட்டுத் தேய்த்தவர்கள் அதைப் பரப்பித்தான் விட்டிருப்பார்கள்.

செய்ய வேண்டியது: ஆப்ஜெக்டிவைக் கழற்றி மேசையில் மெத்தென்ற துணிமேல் வையுங்கள். ரப்பர் பல்ப் ஊதியால் தூசியை ஊதுங்கள், வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். உங்கள் ஊரில் இந்தப் படி இரண்டு மடங்கு முக்கியம், கடல்காற்றின் உப்புத்தூள் லென்ஸ்மேல் இருக்கும்போது உலர்ந்த தாளால் துடைத்தால் அது அரத்தின் வேலையைச் செய்யும். பிறகு பல்குத்தும் மூங்கில் குச்சியின் நுனியில் நீண்ட இழையுள்ள சுத்தமான பஞ்சைச் சுற்றுங்கள், குச்சி நுனி வெளியே தெரியக் கூடாது. காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, ஓரத்தில் தட்டி, ஈரம் மட்டும் இருக்கும்படி எடுத்து, முன் லென்ஸின் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகச் சுருள் போட்டுத் துடையுங்கள். அழுத்தம் வேண்டாம். ஒரு பஞ்சு ஒரு முறைதான், திருப்பிப் போட்டுத் துடைக்கக் கூடாது. மூன்று நான்கு பஞ்சு ஆகும். கடைசியாக 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு ஒன்று. பல 40எக்ஸ்களில் முன் லென்ஸ் உள்வாங்கிக் குழிந்திருக்கும், லென்ஸ் தாளை விரலால் அழுத்தினால் நடுவில் படவே படாது. அதனால்தான் குச்சி.

சரியாயிற்றா என்று பார்க்க, ஐபீஸைத் தலைகீழாகப் பிடித்து உருப்பெருக்கியாகப் பயன்படுத்துங்கள். வழக்கமாகக் கண் வைக்கும் முனை லென்ஸுக்கு அருகில், உங்கள் கண் மறுமுனையில். ஆப்ஜெக்டிவை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் ஒரு படலம்கூடத் தப்பாது.

தண்ணீரிலும் ஆல்கஹாலிலும் போகாமல் கட்டியாக ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் நிரந்தர ஸ்லைடில் கவர் ஸ்லிப்பை ஒட்டும் பிசினான டி.பி.எக்ஸ். காயாத நிரந்தர ஸ்லைடை யாரோ வைத்துப் பார்த்திருப்பார்கள். அதற்கு மட்டும் சைலீன், பஞ்சின் நுனியில் தொட்டும் தொடாமலும், ஒரே முறை, உடனே உலர்ந்த பஞ்சு. சைலீனை ஊற விட்டால் லென்ஸ்களை ஒட்டியிருக்கும் பசைக்குள் இறங்கும். அசிட்டோன் எதற்கும் வேண்டாம், பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். சிலவற்றில் எண்ணெய்ப் பொருள் இருக்கும், காய்ந்ததும் படலம் விடும். லென்ஸுக்கு அது ஆகாது.

---

குமரி_டெக்

பூஞ்சைக்கு அரை மணி நேரம் வெயிலில் வைத்தால் போதும். எல்லாம் செத்துப் போகும்.

---

ஸ்மியர்_மேசை

மேலே சொன்ன வெயில் வைத்தியத்தைச் செய்ய வேண்டாம். பூஞ்சை சாகலாம், ஆனால் செத்த நூலும் லென்ஸ்மேல் அங்கேயேதான் இருக்கும், தெரியும் படம் மாறாது. சூடேறினால் பசையும் கிரீஸும் இளகும். இன்னொன்று, பைனாகுலரையோ ஐபீஸையோ வெயிலில் திறந்து வைத்தால் லென்ஸ் சூரியனைக் குவித்துப் பக்கத்தில் இருப்பதைப் பொசுக்கும்.

நான் 100எக்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன், லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவில் எண்ணெய்த் துளி வைத்துப் பார்ப்பது அது, காசநோய் சளி ஸ்மியர் (ஸ்லைடில் தடவிய சளி) பார்க்கும் லேபில் அதுதான் நாள் முழுக்க எண்ணெயில் கிடப்பது. ஒரு ஸ்லைடு நெகட்டிவ் என்று எழுத 100 ஃபீல்டு (ஒரு முறையில் கண்ணில் படும் வட்டம்) பார்க்க வேண்டியிருப்பதால், லென்ஸ் கொஞ்சம் மங்கினாலும் ரிசல்ட்டே மாறும்.

ஒவ்வொரு ஸ்லைடுக்கும் நடுவில் கரைப்பான் போட்டுத் துடைப்பது தேவையில்லாத வேலை. லென்ஸ் தாளை முன் லென்ஸில் ஒற்றி எடுத்தால் போதும், தேய்க்க வேண்டாம். நாள் முடிவில் இரண்டு முறை உலர் தாளால் ஒற்றி, பிறகு கரைப்பானில் தொட்ட தாளால் ஒரு முறை, மறுபடி உலர் தாள். கரைப்பான்: ஈதர் 7 பங்கு, ஆல்கஹால் 3 பங்கு என்பது பல தயாரிப்பாளர்கள் சொல்வது. ஆனால் பள்ளியில் ஈதர் வைக்காதீர்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனம், மேசையோடு ஊர்ந்து போய்த் தூரத்தில் உள்ள ஸ்பிரிட் விளக்கில் பற்றிக்கொள்ளும். பழைய பாட்டிலில் வெடிக்கக்கூடிய பெராக்சைடும் சேரும். பெட்ரோலியம் ஈதரும் இதே தீ ஆபத்து உள்ளதுதான். எண்ணெய்க்கு ஐசோபுரோப்பைல் மெதுவாகத்தான் வேலை செய்யும், நான்கு தாள் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். பள்ளிக்கு அது போதும்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. செடார்வுட் எண்ணெய் இருந்தால் கொட்டிவிடுங்கள். காய்ந்தால் வார்னிஷ் போல இறுகும். லிக்விட் பாரஃபின் இறுகாது, ஆனால் அதன் ஒளிவிலகல் எண் 1.48-க்குள்தான், 100எக்ஸுக்கு வேண்டியது 1.515. பாட்டிலில் 'இமர்ஷன் ஆயில்' என்று எழுதியிருப்பதை நம்ப முடியாவிட்டால், உடைந்த ஸ்லைடுத் துண்டு ஒன்றை ஒரு வாட்ச் கிளாஸில் அந்த எண்ணெயில் போட்டுப் பாருங்கள். நல்ல எண்ணெயில் கண்ணாடியின் விளிம்பு கிட்டத்தட்ட மறைந்துவிடும். பாரஃபினில் விளிம்பு தெளிவாகத் தெரியும்.

பைனாகுலரில் 100எக்ஸ் பார்த்து முடித்ததும் டரட்டை (ஆப்ஜெக்டிவ்கள் மாட்டிய சுழல் வட்டு) எந்தப் பக்கம் திருப்புகிறார்கள் என்று கவனியுங்கள். 40எக்ஸ் பக்கம் திருப்பினால் அது எண்ணெயில் குளித்துவிட்டு வரும். 4, 10, 40, 100 என்ற வரிசையில் 100-க்கு மறுபக்கம் இருப்பது 4. அந்தப் பக்கம்தான் திருப்ப வேண்டும். எண்ணெய் வைத்த ஸ்லைடை '40-ல் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்' என்பதற்கு இடமே இல்லை.

திருப்பும்போது ஆப்ஜெக்டிவைப் பிடித்து இழுக்காமல், டரட்டின் சொரசொரப்பான வளையத்தைப் பிடித்துத் திருப்பச் சொல்லுங்கள். நீளமான 100எக்ஸைப் பிடித்தே பழகினால் மரை தளர்ந்து மையம் விலகும்.

---

பாட்டனி_லேப்

நன்றி. ஐபீஸ் சுற்றும்போது கோடுகளும் சுற்றுகின்றன, ஆக அது ஐபீஸ்தான். திறக்கலாமா? 100எக்ஸில் இருப்பது வெளியிலா உள்ளேயா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொரு சந்தேகம், ஒரு 40எக்ஸைத் துடைத்த பிறகு மங்கல் போய்விட்டது, ஆனால் 10எக்ஸில் ஃபோகஸ் செய்துவிட்டுத் திருப்பினால் ரொம்பத் தூரம் குமிழைச் சுற்ற வேண்டியிருக்கிறது. மற்றவற்றில் அப்படி இல்லை.

---

லென்ஸ்_மெக்கானிக்

கடைசிக் கேள்விக்கு முதலில். 40எக்ஸிலும் 100எக்ஸிலும் முன்நுனி ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கும், ஸ்லைடில் மோதினால் உள்ளே போய் வர வேண்டும். கிளிசரினோ எண்ணெயோ அந்த இடுக்கில் இறங்கிக் காய்ந்தால், உள்ளே போன நுனி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். லென்ஸ் தாளை வைத்து விளிம்பின் உலோகப் பகுதியை மட்டும் மெல்ல அழுத்திப் பாருங்கள். துள்ளி வெளியே வந்தால் நல்லது. சோம்பலாக வந்தாலோ வராவிட்டாலோ, அதே காய்ச்சி வடித்த நீர்ப் பஞ்சால் இடுக்கைச் சுற்றித் துடைத்து, அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, கடைசியில் ஆல்கஹால். நீர் சொட்ட விடக் கூடாது, நுனி எப்போதும் கீழ்நோக்கியே இருக்கட்டும்.

அந்த நுனி உள்ளே போனதற்குக் காரணத்தையும் பிடியுங்கள். ஸ்லைடைக் கவிழ்த்து வைப்பதுதான் வழக்கமான காரணம். 10எக்ஸில் கவிழ்த்து வைத்தாலும் படம் தெரியும். 40எக்ஸில் ஸ்லைடின் 1 மில்லிமீட்டர் கண்ணாடி நடுவில் வருகிறது, லென்ஸ் அந்த அளவு தள்ளி நின்று ஃபோகஸ் செய்யாது. பையனுக்குப் படம் வரவில்லை, கோர்ஸ் குமிழை (வேகமாக ஏற்றி இறக்கும் குமிழ்) இறக்கிக்கொண்டே போகிறான், 'டக்' என்று சத்தம். 40-ல் கோர்ஸ் குமிழைத் தொடக் கூடாது என்று சொல்வதைவிட, 'கவர் ஸ்லிப் மேலே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்' என்று சொல்வது அதிகம் பலிக்கும். உலர்ந்த ஸ்லைடுக்குத்தான் அது, ஈர மவுன்ட்டைக் கண்ணால் பார்க்கட்டும்.

ஐபீஸ்: தாராளமாகத் திறக்கலாம், அதுவும் ஸ்டூடன்ட் மாடலின் ஐபீஸாக இருந்தால். உள்ளே இரண்டே இரண்டு லென்ஸ், நடுவில் ஒரு தடுப்பு வளையம். ஹைகன்ஸ் என்ற இந்த வகையில் இரண்டு லென்ஸின் குவிந்த பக்கமும் ஆப்ஜெக்டிவை நோக்கிக் கீழே பார்க்கும், தட்டைப் பக்கம் கண்ணை நோக்கி. ஒன்றைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிய பிறகே அடுத்ததைக் கழற்றுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால்தான் எது எந்தப் பக்கம் என்ற குழப்பம் வரும். தடுப்பு வளையத்தில் சுட்டிக்காட்டும் முடி ஒட்டியிருந்தால் பஞ்சு அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பைனாகுலரின் அகலமான ஐபீஸில் லென்ஸ் எண்ணிக்கை அதிகம், மேல், கீழ் வெளிப்பரப்பைத் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

100எக்ஸ்: முன்னே சொன்ன தலைகீழ் ஐபீஸ் வழி. முன் லென்ஸைப் பார்த்து, பிறகு மரைப் பக்கத்திலிருந்து ஒளியை நோக்கிப் பிடித்துப் பின் லென்ஸையும் பாருங்கள். நூல் இழை பின் லென்ஸின் வெளிப்பரப்பில் இருந்தால், குச்சியை உள்ளே விட்டு ஆல்கஹால் பஞ்சால் துடைக்கலாம். கோணத்தை மாற்றும்போது இழை ஆழத்தில் மிதப்பது போலத் தெரிந்தால் உள்ளே. உள்ளே இருந்தால் திறக்கவே வேண்டாம். அந்தச் சிறு லென்ஸ்களின் மையமும் இடைவெளியும் மைக்ரான் கணக்கில் வைக்கப்பட்டவை, வீட்டு ஸ்க்ரூடிரைவரால் திரும்ப அமைக்க முடியாது. பைனாகுலர் தலையின் பிரிஸமும் அதே. அதைத் திறந்து மூடினால் இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் தெரியும், பத்து நிமிடத்தில் தலைவலி.

வெளிப்பரப்புப் பூஞ்சையை எடுத்த பிறகும் மெல்லிய கிளைக்கோடு மிச்சமிருந்தால் அது பூஞ்சை அல்ல, தழும்பு. வளரும்போது அது விடும் அமிலம் கோட்டிங்கையும், நாள்பட்டால் கண்ணாடியையும் அரிக்கும். அதை எதைப் போட்டாலும் எடுக்க முடியாது, இணையத்தில் சுற்றும் அம்மோனியா பெராக்சைடு கலவையைக் கொண்டுபோய் ஊற்றி மிச்சக் கோட்டிங்கையும் இழக்காதீர்கள். மெல்லிய தழும்போடு ஒரு லென்ஸ் பல ஆண்டு ஓடும்.

---

ஈரமானி

துடைப்பதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். உங்கள் அலமாரியை மாற்றாவிட்டால் அடுத்த ஐப்பசி கார்த்திகை மழையில் அதே பூஞ்சை அதே இடத்தில் முளைக்கும்.

மரம் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். மரப்பெட்டிக்குள் மைக்ரோஸ்கோப், பெட்டி மர அலமாரிக்குள், அலமாரி ஈரச் சுவரோரம், ஜன்னல் மூடிய அறை. பூஞ்சைக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. இருட்டு, அசையாத காற்று, 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம், சாப்பாட்டுக்கு விரல் ரேகையின் எண்ணெய். நாப்தலீன் பூஞ்சையைத் தடுக்காது. அது ஆவியாகி, குளிர்ந்த இடத்தில், அதாவது லென்ஸ்மேல், மறுபடி படியும். இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இரண்டு வழி உண்டு, இரண்டையும் கலக்கக் கூடாது.

ஒன்று அடைத்த பெட்டி. காற்றுப் புகாத மூடி உள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா, ரப்பர் வளையம் வைத்தது. கழற்றக்கூடிய ஆப்ஜெக்டிவ், ஐபீஸ் எல்லாவற்றையும் இதில் வைக்கலாம், மைக்ரோஸ்கோப்பே நுழையும் அளவு டப்பா கிடைத்தால் இன்னும் நல்லது. கழற்றிய இடங்களில் தூசி புகாமல் மூடி போடுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல், சிறு டப்பாவுக்கு 100 கிராம், பெரியதற்கு 250 கிராம், துணிப்பையில். நீலம் இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது. தட்டில் மெல்லியதாகப் பரப்பி, லேபின் ஹாட் ஏர் அவனில் 110 டிகிரியில் 2, 3 மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். 120-ஐத் தாண்ட விடாதீர்கள், நிறம் காட்டும் பொருள் கெடும். நீல வகையில் இருப்பது கோபால்ட் குளோரைடு, நச்சு. சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது, மாணவர் கையில் கொடுக்கவும் கூடாது. ஆரஞ்சிலிருந்து பச்சையாகும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இடுக்கு உள்ள அலமாரியில் சிலிக்கா ஜெல் வைப்பது ஊர்க்காற்றைக் காயவைக்கும் முயற்சி. இரண்டே நாளில் சிவக்கும்.

இரண்டாவது சூடான அலமாரி. இதற்குக் காற்றோட்டம் வேண்டும், மேலும் கீழும் துளை. அடியில் குண்டு பல்ப், எப்போதும் எரிய வேண்டும். கணக்கு இது: 28 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 33 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 64 ஆகும், 36 டிகிரி என்றால் 54. ஆக வெளியைவிட 8 டிகிரி கூட வேண்டும். 15 வாட் ஒரு சிறு அலமாரிக்குப் போதலாம், பெரியதற்கு இரண்டு. எத்தனை என்று யாரையும் கேட்க வேண்டாம், சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்றை உள்ளே வைத்துப் பாருங்கள், 55-க்குக் கீழே நின்றால் சரி. எல்.இ.டி. பல்ப் போட்டுவிட்டு 'பல்ப் எரிகிறதே' என்று இருக்காதீர்கள், அது போதிய சூடு தராது. பல்பைச் சுற்றிக் கம்பிவலை, துணி உறை எதுவும் பக்கத்தில் கூடாது. விடுமுறையில் மெயினை அணைத்துவிட்டுப் போகும் பள்ளி என்றால் இந்த வழி உங்களுக்கு ஆகாது. காலாண்டு, அரையாண்டு விடுமுறை இரண்டுமே மழைக்காலத்தை ஒட்டித்தான் வருகின்றன. உங்களுக்கு டப்பாதான் சரி.

பிளாஸ்டிக் உறையைப் பற்றி: தூசிக்கு நல்லது, ஈரத்துக்குக் கெட்டது. பயன்படுத்தும் நாட்களில் மேசைமேல் வைக்கும்போது பருத்தித் துணி உறை போடுங்கள். டரட்டில் ஆப்ஜெக்டிவ் இல்லாத துளையையும் ஐபீஸ் இல்லாத குழாயையும் திறந்து விடாதீர்கள், உள்ளே பிரிஸம்மேல் தூசி விழுந்தால் துடைக்க வழியில்லை.

---

பல்சக்கரம்

டியூப் இறங்குவது பற்றி யாரும் சொல்லவில்லை. பயப்பட ஒன்றுமில்லை, இறுக்கம் தளர்ந்திருக்கிறது.

கோர்ஸ் குமிழின் உள்பக்கம் இன்னொரு வளையம் இருக்கிறதா பாருங்கள், ஓரத்தில் வரிவரியாகவோ சாவி நுழையத் துளைகளோடோ இருக்கும். இருந்தால் அதுதான் இறுக்கும் வளையம், கால் சுற்று திருப்பிப் பாருங்கள். உங்கள் பைனாகுலர்களில் இது பெரும்பாலும் இருக்கும். பழைய ஸ்டூடன்ட் மாடலில் வளையம் இருக்காது. அதில் இடது குமிழை ஒரு கையிலும் வலது குமிழை மறு கையிலும் பிடித்து எதிரெதிர்ப் பக்கம் மெல்லத் திருகினால் இறுகும், மறுபக்கம் திருகினால் தளரும். இந்த வித்தையை வளையம் உள்ள மாடலில் செய்யவே கூடாது, உள்ளே உள்ள பல்சக்கரம் போய்விடும். எவ்வளவு இறுக்கம்? கனமான ஆப்ஜெக்டிவோடு டியூப் தானாக இறங்காமல் நிற்க வேண்டும், இரண்டு விரலால் குமிழ் சுற்ற வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் பித்தளைப் பல் தேயும்.

அதற்கு முன்னால் பல்வரிசையைப் பாருங்கள். கறுத்துப்போன பழைய கிரீஸ், தூசி, யாரோ விட்ட தேங்காய் எண்ணெய் எல்லாம் சேர்ந்து மெழுகாகியிருக்கும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறையும், மற்ற நாளில் தூசியைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் அதைவிட மோசம், நீர்த்தது என்பதால் கிரீஸைக் கழுவிக்கொண்டு ஓடி, லென்ஸ் இருக்கும் திசையில்தான் போய்ச் சேரும். ஆப்ஜெக்டிவ், ஐபீஸ், கண்டென்சர் எல்லாவற்றையும் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பல்லையும் சறுக்குப் பாதையையும் துடைத்து, முழுக்க உலர்ந்த பிறகு லித்தியம் கிரீஸ் ஒரு பயறு அளவு, விரலால் தேய்த்து மெல்லிய படலமாக. ஐரிஸ் டயஃப்ரத்தில் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் இதழ்த் துளை) மட்டும் எந்த எண்ணெயும் கூடாது. அந்த இதழ்கள் தாளைவிட மெல்லியவை, எண்ணெய் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டி, அடுத்த முறை நெம்புகோலைத் தள்ளும்போது மடங்கும்.

ஃபைன் குமிழ் (நுண்ணிய ஃபோகஸுக்கானது) ஒரு பக்கம் முட்டி நின்றால் வலுக்கட்டாயமாகச் சுற்றக் கூடாது என்று லேப் சுவரில் எழுதியே ஒட்டலாம். நடு இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டுக் கோர்ஸால் ஃபோகஸ் தேடச் சொல்லுங்கள்.

கண்ணாடி மாடல் என்றீர்களே, இதையும் பாருங்கள்: கண்டென்சர் இருந்தால் தட்டைப் பக்கம், இல்லாவிட்டால் குழிந்த பக்கம். பல லேபில் தலைகீழாக வைத்துவிட்டு, வெளிச்சம் போதவில்லை என்று லென்ஸைக் குறை சொல்வார்கள். ஜன்னல் வெளிச்சம் போதும், நேர் சூரியனைக் கண்ணாடியில் பிடித்தால் கண்ணுக்கு ஆபத்து.

---

பாட்டனி_லேப்

வளையம் இல்லாத மாடல்தான், எதிரெதிர்த் திருகலில் இறுகியது. 100எக்ஸின் பூஞ்சை உள்ளே இருக்கிறது. ஒரு 40எக்ஸின் முன் லென்ஸில் ஓரம் சில்லு விட்டிருக்கிறது. இந்த இரண்டுக்கும் புதிது வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? வேறு கம்பெனியுடையது பொருந்துமா?

---

லென்ஸ்_மெக்கானிக்

பொருந்தும், நான்கு விஷயத்தை ஒத்துப் பார்த்தால்.

பழைய ஆப்ஜெக்டிவின் உடம்பில் 160/0.17 என்று எழுதியிருந்தால், 160 மில்லிமீட்டர் டியூப், 0.17 மில்லிமீட்டர் கவர் ஸ்லிப் கணக்கு. புதியதிலும் 160 இருக்க வேண்டும். முடிவிலிக் குறி போட்டது, பக்கவாட்டில் படுத்த 8 போல, உங்கள் 160 மாடலில் மாட்டினால் படம் சரியாக வராது. பைனாகுலரில் முடிவிலிக் குறி இருந்தால் அதற்கும் முடிவிலியே, அதிலும் அதே கம்பெனியே நல்லது. மரை பெரும்பாலும் ஆர்.எம்.எஸ். என்ற பொது அளவு, 20 மில்லிமீட்டர் சொச்சம் விட்டம், கையால் திருகும்போதே ஏறிவிடும். முதல் அரைச் சுற்றில் முரண்டு பிடித்தால் நிறுத்துங்கள், மரை வேறு. நீளத்தையும் பாருங்கள், டி.ஐ.என். (ஜெர்மன் தர அளவு) என்றால் தோளிலிருந்து ஸ்லைடு வரை 45 மில்லிமீட்டர். பழைய குட்டை ஆப்ஜெக்டிவ்களுக்கு நடுவில் ஒரு நீளமானதை மாட்டினால், 10-லிருந்து திருப்பும்போது நேரே ஸ்லைடில் இடிக்கும். கடைசியாக என்.ஏ. (லென்ஸ் ஒளியை வாங்கும் திறனின் எண்): 40எக்ஸ் என்றால் 0.65, 100எக்ஸ் என்றால் 1.25, அதோடு 'ஆயில்' என்ற எழுத்தும்.

நம் நாட்டு ஸ்டூடன்ட் மாடல்களில் கணிசமானவை ஹரியானாவின் அம்பாலாவில் செய்தவை, அவற்றுக்கு இந்த அளவில் உதிரி தாராளமாகக் கிடைக்கும். முதலில் 40எக்ஸை வாங்குங்கள். பள்ளிப் பாடத்தில் 100எக்ஸ் இல்லாமல் செய்முறை நடக்கும், 40எக்ஸ் இல்லாமல் நடக்காது. பூஞ்சை பிடித்த 100எக்ஸை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள், தனியே ஒரு பையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள். அது இருந்த துளைக்கு ஒரு மூடி.

---

ஸ்மியர்_மேசை

சில்லு விட்ட 40எக்ஸைத் தூக்கிப் போடும் முன் படத்தைப் பாருங்கள். சில்லு ஓரத்தில் மட்டும் இருந்தால் கான்ட்ராஸ்ட் கொஞ்சம் குறையும், வெங்காயச் செல்லும் அதன் உட்கருவும் தெளிவாகவே தெரியலாம். ஆனால் அந்தக் கூர் விளிம்பு ஸ்லைடில் உரசும், நிரந்தர ஸ்லைடுகளை அதற்குக் கீழே வைக்காதீர்கள்.